நாலாம் பேனல் மேல வச்ச பொட்டு

நீலாம்பாள் ஆறு வருஷமா படிச்ச படிப்பு என்னன்னு பிள்ளையார்பாளையத்துல அவ தெருவுல ஒருத்தருக்கும் ஒழுங்கா சொல்லத் தெரியாது. "கம்ப்யூட்டர்ல டாக்டர் பட்டம்"னு சிலர் சொல்வாங்க. "ஏதோ கண்ணாடி ஆராய்ச்சியாம்"னு சிலர் சொல்வாங்க. அவ அத்தை மட்டும் தெருவுக்கே கேக்கற மாதிரி, "எல்லாம் கல்யாணத்தைத் தட்டிக் கழிக்க ஒரு சாக்கு"ன்னு சொல்லுவா. அத்தை வாய்க்கு ஊர்ல பூட்டு கிடையாது, விடுங்க.

படிப்பு இதுதான். ஆக்மென்டட் ரியாலிட்டின்னு பேரு. கண்ணெதிர நிஜமா இருக்கற பொருள் மேல கம்ப்யூட்டர் ஒரு எழுத்தையோ படத்தையோ ஒட்டிக் காட்டும். அதுக்குன்னு செஞ்ச கண்ணாடியை மாட்டிக்கினு பார்த்தா, வெறும் சுவத்துல எழுத்து நிக்கும். நாம இப்படி அப்படி நகர்ந்தாலும் எழுத்து அந்த எடத்தை விட்டு நகராது. ஊரு உலகமெல்லாம் இதை வச்சு பசங்களுக்கு விளையாட்டு செஞ்சுக்கினு இருந்தது. நீலாம்பாளுக்கு வேற எண்ணம்.

அந்த எண்ணம் ஒரகடத்துல வந்தது. என்ஜினியரிங் முடிச்சதும் அங்க ஒரு கம்பெனியில ஒன்றரை வருஷம் வேலை பார்த்தா. ஒருநாள் கான்ட்ராக்ட் ஆள் ஒருத்தர் கரன்ட் இல்லைன்னு நினைச்சு ஒரு மின்பெட்டிக்குள்ள கை விட்டுட்டார். ஆளைத் தூக்கிக்கினு ஓடினாங்க. பொழைச்சாரா இல்லையான்னு கூட யாரும் அப்புறம் சொல்லல. அந்தக் கருகின வாசனை மட்டும் நாலு நாள் அவ மூக்கை விட்டுப் போகல. கரன்டுக்கு நிறம் உண்டா, சத்தம் உண்டா? இருக்குதா இல்லையான்னு பார்த்துத் தெரிஞ்சுக்க வழியே இல்லையே, தெரிஞ்சுக்கற மாதிரி நாம பண்ணினா என்னன்னு யோசிச்சா. அடுத்த மாசமே வேலையை விட்டுட்டு, ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு காலேஜ்ல ஆராய்ச்சிக்குச் சேர்ந்துட்டா. வீட்டுல ஏழு நாள் ரகளை. அப்பா குமாரசாமி தறியில உக்காந்தபடியே, "கைக்கு வந்த சம்பளத்தை விட்டுட்டு வந்திருக்குது பாரு"ன்னு வர்றவங்க போறவங்ககிட்ட எல்லாம் சொல்லிக்கினு இருந்தார்.

அவ செஞ்சது ஒண்ணும் ராக்கெட் இல்ல. ஒரு ஹெல்மெட், அதுக்கு முன்னாடி ஒரு கண்ணாடி, நெத்தியில ஒரு சின்ன கேமரா. ஆலையில ஒவ்வொரு மின்பெட்டி மேலயும், அங்க பேனல்னு சொல்வாங்க, உள்ளங்கை அகலத்துக்கு ஒரு ஸ்டிக்கர். ஸ்டிக்கர்ல கறுப்பு வெள்ளை கட்டம். ஒவ்வொரு பேனலுக்கும் கட்டம் வேற மாதிரி. கேமரா கட்டத்தைப் பார்த்து இது எத்தனாவது பேனல்னு கண்டுபிடிக்கும். அந்த பேனலுக்குக் கரன்ட் போகுதான்னு மெயின்ல மாட்டியிருக்கற கருவியைக் கேக்கும். போனா பேனல் மேல சிவப்புல 'மின்சாரம் உண்டு'ன்னு எழுத்து நிக்கும். போகலைன்னா பச்சையில 'மின்சாரம் இல்லை'. அவ்வளவுதான் சமாச்சாரம்.

இதைச் சோதிச்சுப் பார்க்க ஒரு எடம் வேணும். ஓரிக்கை போற வழியில உதயகுமார்னு ஒருத்தர் பட்டு நூல் முறுக்கற ஆலை வச்சிருந்தார். பதினாலு பேனல். "நம்ம பேரு பேப்பர்ல வருமா?"ன்னு கேட்டார். வரும்னா. "அப்ப செஞ்சுக்கோம்மா"ன்னுட்டார். அங்க எலக்ட்ரீசியன் தணிகாசலம். நாப்பத்தொம்பது வயசு. ஓரிக்கைக்காரர், விவசாயக் குடும்பம், தம்பிங்க நிலத்தைப் பார்த்துக்க இவர் ஸ்பேனரைப் பிடிச்சுக்கினார்.

முதல் நாள் ஹெல்மெட்டைக் கையில வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இன்னா மேடம், என் மூஞ்சிக்கு டிவி மாட்ட வந்திருக்கீங்களா?"

"போட்டுத்தான் பாருங்களேண்ணா."

போட்டார். பேனல் மேல எழுத்து நிக்கறதைப் பார்த்ததும் கையை நீட்டி அந்த எழுத்தைத் தொடப் பார்த்தார். கையில காத்துதான் மாட்டிச்சு. அப்புறம் ஒரு சிரிப்பு சிரிச்சார் பாருங்க, ஆலையில இருந்த பொம்பளைங்க எல்லாம் மெஷினை விட்டுட்டு எட்டிப் பார்த்தாங்க.

காலேஜ்ல அவளுக்கு வழிகாட்டி பேராசிரியர் கலியாணசுந்தரம். பேருதான் வழிகாட்டி. அவர் காட்டின வழியெல்லாம் கட்டுரையில தன் பேரை எந்த வரியில போடணும்ங்கறதுதான். நிஜமா வழி காட்டினது தணிகாசலம். "இங்கிலீஷ்ல ஆன், ஆஃப்புன்னு போட்டா அவசரத்துல ரெண்டும் ஒண்ணா தெரியுது, தமிழ்ல போடு"ன்னார். போட்டா. "எழுத்து சின்னதா இருக்குதும்மா, என் கண்ணுக்கு எட்டல"ன்னார். பெருசாக்கினா. மேடம் போயி நீலாம்மா ஆயிருந்தது அப்போ.

ஒருநாள், "நீலாம்மா, பேனலை மூக்கால முட்டினப்புறம் கரன்ட் இருக்குதுன்னு சொல்லி இன்னா பிரயோஜனம்? உள்ள நுழையும்போதே, அங்கருந்தே தெரியணும்"னார்.

நியாயமான பேச்சு. ஆனா தூரத்துல இருந்து பார்த்தா ஸ்டிக்கர்ல இருந்த முப்பத்தாறு பொடிக் கட்டம் கேமராவுக்கு ஒண்ணும் புரியல. நீலாம்பாள் ரெண்டு மாசம் மண்டையை உடைச்சுக்கினா. கடைசியில கட்டத்தைப் பெருசாக்கினா. முப்பத்தாறு போயி ஒம்பதே கட்டம், மூணுக்கு மூணு. நாலு மீட்டர் தூரத்துலயே கேமரா பட்டுனு சொல்லிடுச்சு. அவ வாழ்க்கையில அவ்வளவு சந்தோஷமா ஒரு சாயங்காலம் இருந்ததில்ல. மூங்கில் மண்டபத்துகிட்ட இறங்கி வீட்டுக்கு நடக்கும்போது தனியா சிரிச்சுக்கினே போனா.

அதுல ஒரு ஓட்டை இருந்தது. கட்டம் நிறைய இருந்தா ஒரு ஸ்டிக்கருக்கும் இன்னொண்ணுக்கும் ஏழெட்டு கட்டம் வித்தியாசம் வைக்கலாம். ஒண்ணு ரெண்டு அழுக்காயிட்டாலும் ஒரு பேனல் இன்னொண்ணா தெரியாது. ஒம்பது கட்டத்துல பதினாலு பேனலைப் பிரிச்சா அந்த வசதி போச்சு. நாலாம் பேனலுக்கும் பதினொண்ணாம் பேனலுக்கும் ஒரே ஒரு கட்டம்தான் வித்தியாசம். நட்ட நடு கட்டம். நாலுல அது வெள்ளை, பதினொண்ணுல கறுப்பு. நீலாம்பாளுக்கு இது தெரியும். தெரியாம இல்ல. நோட்டுல பென்சில்ல எழுதியே வச்சிருந்தா, 'அப்புறம் மாத்தணும்'னு. கட்டுரை அனுப்ப வேண்டிய கடைசி தேதி நாலு நாள்ல இருந்தது. நாலு மீட்டர்ங்கறதுதான் கட்டுரையோட உயிரே. எவளா இருந்தாலும் அப்புறம்னுதான் எழுதியிருப்பா.

ஏத்துக்கலாமான்னு முடிவு பண்ண கட்டுரையைப் படிச்ச முகம் தெரியாத ஒருத்தர் கேட்டும் இருந்தார், ஸ்டிக்கர் அழுக்கானா என்ன ஆகும்னு. கேட்டவர் வாய்க்கு சர்க்கரை போடணும். நீலாம்பாள் பதினோரு நாள் உக்காந்து சோதிச்சா. தூசி கொட்டிப் பார்த்தா, கிரீஸ் தடவிப் பார்த்தா, தண்ணி தெளிச்சா, புகை காட்டினா, ஓரத்தைக் கிழிச்சா. ஒவ்வொரு தடவையும் கருவி எதுவும் காட்டாம சும்மா இருந்துடுச்சு. தப்பா மட்டும் சொல்லல. கட்டுரை ஏத்துக்கினாங்க. தணிகாசலம் ஆலைக்கே ஜிலேபி வாங்கி வந்தார்.

நாலு மாசம் ஹெல்மெட் ஒரு தப்பும் பண்ணல. ஆராய்ச்சிப் புத்தகம் எழுதி முடிஞ்சது. பல்கலைக்கழகத்துக்காரங்க முன்னாடி உக்காந்து வாய்மொழித் தேர்வு கொடுக்க கார்த்திகையில தேதி குறிச்சாச்சு. பெங்களூர்ல ஒரு கம்பெனியோட ஆராய்ச்சிப் பிரிவுல வேலையும் வாய்ப்பேச்சுல முடிஞ்சாச்சு. அத்தை கூட வாயை மூடிக்கினா. அப்பத்தான் ஆயுத பூஜை வந்தது.

ஆயுத பூஜைன்னா நம்ம ஊர்ல சொல்லணுமா? தறிக்குப் பொட்டு, தராசுக்குப் பொட்டு, ஸ்கூட்டருக்குப் பொட்டு, பத்திரம் எழுதற கம்ப்யூட்டருக்கும் பொட்டு. ஆலையைக் கழுவி விட்டு, மெஷினுக்கெல்லாம் மாலை போட்டு, வாசல்ல பூசணிக்காய் தயாரா இருந்தது. உதயகுமார் நீலாம்பாளைக் கூப்பிட்டிருந்தார். பட்டுப்புடவை கட்டிக்கினு போனா. தணிகாசலம் வெள்ளைச் சட்டையில, கையில சந்தனக் கிண்ணமும் குங்குமமும் வச்சுக்கினு ஒவ்வொரு பேனல் கதவுலயும் பொட்டு வச்சுக்கினே வந்தார். நாலாம் பேனல்கிட்ட வந்ததும் கிண்ணத்தை அவகிட்ட நீட்டினார்.

"இது ஒண்ணு நீ வைம்மா. உன் கை ராசி."

நீலாம்பாள் கட்டை விரல்ல சந்தனத்தை எடுத்தா. சின்ன வயசுலருந்து அப்பா தறிக்கு வச்சு வச்சுப் பழகின விரல். எதிர்ல ஸ்டிக்கர், சதுரமா, நடுவுல ஒரு வெள்ளைக் கட்டம். பொட்டு வைக்கன்னே விட்ட எடம் மாதிரி இருந்தது. அழுத்தி வச்சா. சந்தனத்து மேல குங்குமத்தையும் நல்லா தாராளமா அப்பினா.

"ஸ்டிக்கர் மேலயா வைக்கற?"ன்னு தணிகாசலம் கேட்டார். கேட்டாருங்க. அந்த மனுஷன் கேட்டார்.

"அதுதானேண்ணா என் ஆயுதம்"னு சொல்லிச் சிரிச்சா.

பதினோரு நாள் கிரீஸும் தூசியும் தடவிப் பார்த்த பொண்ணு. சந்தனம் குங்குமம் தடவிப் பார்க்கணும்னு அவளுக்கு ஏன் தோணல? தோணாது. அழுக்குன்னா வேண்டாதது. பொட்டை எவ அழுக்குன்னு நினைப்பா?

மறுநாள் விஜயதசமி, பேருக்கு மெஷினை ஓட்டி நிறுத்தினாங்க. அதுக்கு அடுத்த நாள் புதன்கிழமை ஆலை முழுசா ஓட ஆரம்பிச்சது. வச்ச பொட்டை யாரும் துடைக்கல, துடைக்கவும் மாட்டாங்க, அது தானா உதிரணும். காலையில ஒம்பதே முக்காலுக்கு நாலாம் பேனல்ல ஓடற மெஷின் நின்னு போச்சு. தணிகாசலம் ஹெல்மெட்டை மாட்டிக்கினு போனார். பதினொண்ணாம் பேனல் இருந்த கொட்டகையில கூரை வேலை நடந்துக்கினு இருந்ததால அங்க கரன்டே இல்ல. குங்குமத்தால நடு கட்டம் கறுப்பா தெரிய, பொட்டு வச்ச நாலாம் பேனலைக் கேமரா பதினொண்ணுன்னு படிச்சுது. பச்சை எழுத்து வந்தது. கதவைத் திறந்து கை வச்சார். அவ்வளவுதான், அங்கயே போயிட்டார்.

நீலாம்பாளுக்குப் போன் வந்தப்போ அவ காலேஜ் கேன்டீன்ல தோசை சாப்பிட்டுக்கினு இருந்தா. எந்த பஸ்ஸுல ஏறினா, எங்க இறங்கினான்னு இன்னிக்குக் கேட்டாலும் அவளுக்குச் சொல்லத் தெரியாது.

ஆஸ்பத்திரி வாசல்ல உதயகுமார் நாலு பேர்கிட்ட பேசிக்கினு இருந்தார். "பூஜை முடிஞ்ச மயக்கம் சார். கரன்ட் பார்க்கற டெஸ்டர் பாக்கெட்லயே இருக்குது. எடுத்து வச்சுப் பார்க்கல. கவனக்குறைவு, வேற இன்னா சொல்றது?"

அந்த வார்த்தை கேட்டுச்சோ இல்லையோ, மரத்தடியில விழுந்து கிடந்த ரேவதி, தணிகாசலத்தோட சம்சாரம், எழுந்து வந்தா. தலைமுடி அவிழ்ந்து கிடக்குது, முந்தானை மண்ணுல இழுபடுது. "நாக்கு மேல பல்லைப் போட்டுப் பேசாதய்யா! இருபத்தேழு வருஷமா கரன்ட் வேலை பார்த்துக்கினு இருக்குது அந்த ஆளு. ஒரு தடவை, ஒரே ஒரு தடவை கை சுட்டுக்கினு வந்திருக்குமா? கவனமில்லாத ஆளா அவரு? செத்தவரைக் கேக்க நாதியில்லன்னு பேசறியா?" உதயகுமார் பார்வையைத் திருப்பிக்கினார். நீலாம்பாள் அங்கதான் ஒரு தூணை ஒட்டி நின்னுக்கினு இருந்தா. ரேவதியைப் பார்க்க அவளுக்கு முகம் இல்ல. இன்னும் காரணம் எதுவும் தெரியாது, ஆனாலும் தூணுக்குப் பின்னாடி நகர்ந்துக்கினா.

ஹெல்மெட் பார்க்கறது எல்லாத்தையும் படமா பிடிச்சு காலேஜ்ல அவ கம்ப்யூட்டருக்கு அனுப்பிடும், குரலோட. வியாழக்கிழமை மத்தியானம் ஆய்வுக்கூடத்துக் கதவைச் சாத்திக்கினு அதைப் போட்டா. நாலு நிமிஷம் ஓடுது. தணிகாசலம் கண்ணால பார்க்கற மாதிரி, ஆலை ஆடி ஆடிக் கிட்ட வருது. நாலாம் பேனல். பச்சையில 'மின்சாரம் இல்லை'. அதுக்குக் கீழ ஸ்டிக்கர் நடுவுல அவ வச்ச பொட்டு, கட்டை விரல் ரேகை கூட அழியாம. பார்த்த நொடியே அவளுக்கு எல்லாம் புரிஞ்சு போச்சு. நாலு, பதினொண்ணு, பென்சில் எழுத்து, எல்லாம் ஒண்ணு மேல ஒண்ணு வந்து விழுந்தது.

படம் அதோட நிக்கல. அவர் வலது கை பாக்கெட்டுக்குப் போகுது. டெஸ்டரை எடுக்குது. பேனல் கதவு வரைக்கும் கொண்டு போகுது. ஒரு நொடி நிக்குது. தணிகாசலம் குரல், தனக்குத் தானே பேசிக்கற மாதிரி: "நீலாம்மா இல்லைன்னு சொல்லிடுச்சே." டெஸ்டர் திரும்ப பாக்கெட்டுக்குள்ள போகுது. கதவு திறக்குது. அப்புறம் படம் ஒரு உலுக்கு உலுக்கி, கூரையைப் பார்த்துக்கினு அசையாம நிக்குது.

அங்க ஆலையில அதுக்குள்ள தீட்டுன்னு பேனலை எல்லாம் மஞ்சத் தண்ணி விட்டுக் கழுவி, துடைச்சு, ஐயரைக் கூப்பிட்டு ஹோமமும் பண்ணிட்டாங்க. பொட்டு போன எடம் தெரியல. ஸ்டிக்கர் பளிச்சுனு இருந்தது. போலீஸ்காரர் வந்து அதே ஹெல்மெட்டைப் போட்டுப் பார்த்தார். நாலாம் பேனல் மேல சிவப்பு எழுத்து சரியா நின்னுது. மெஷின்ல குத்தமில்ல, ஆளுதான் கவனிக்கலன்னு எழுதிக்கினு போயிட்டார். பொட்டு வச்சப்போ பக்கத்துல நின்ன ஒரே ஆள் செத்தும் போயிட்டார். மிச்சம் இருந்தது நீலாம்பாள்கிட்ட இருந்த நாலு நிமிஷப் படம் ஒண்ணுதான்.

கலியாணசுந்தரத்துகிட்ட போய் மறைக்காம எல்லாத்தையும் சொன்னா. அவர் கண்ணாடியைக் கழட்டித் துடைச்சார். துடைச்சுக்கினே இருந்தார்.

"வேற யார் பார்த்தாங்க இந்தப் படத்தை?"

"யாரும் இல்ல சார்."

"பழைய படங்கள் முப்பது நாளானா தானா அழியற மாதிரிதானே வச்சிருக்க? அழியட்டும். அப்படியே எவனாவது தோண்டி எடுத்தாலும், பொட்டு வச்சது நீன்னு அதுல எழுதியா இருக்கு? தொழிலாளி ஸ்டிக்கரைச் சேதப்படுத்திட்டார். ஒரே வரி. உனக்கு வாய்மொழித் தேர்வு அடுத்த மாசம் பதினெட்டாம் தேதி. ஆறு வருஷம்மா, ஆறு வருஷம்."

செத்தவர் தலையிலயே அதையும் கட்டிடுன்னு சொல்றார். எவ்வளவு சுளுவா சொல்லிட்டார் பாருங்க! எரிச்சல்ல சொல்லல, அக்கறையா சொன்னார். அதுதான் கொடுமை.

வீட்டுக்கு வந்து அப்பாகிட்ட சொன்னா. குமாரசாமி தறியை நிறுத்தல. கை பாட்டுக்கு ஓடிக்கினு இருந்தது.

"பொட்டு இப்ப இருக்குதா அங்க?"

"கழுவிட்டாங்கப்பா."

"அப்புறம் இன்னாத்துக்கும்மா? நீ போய்ச் சொன்னா போன உசுரு வந்துடுமா? நல்ல நாளும் அதுவுமா நீ பொட்டு வச்சதாலதான் ஒருத்தன் செத்தான்னு ஊரு பேசும். நான் எந்த மூஞ்சிய வச்சுக்கினு கடைக்குப் போயி தறிக்குப் பாவு நூலு வாங்குவேன்?" அப்புறம் சின்னக் குரல்ல, "பெங்களூர் போயிடும்மா"ன்னார்.

நீலாம்பாள் பெரிய தியாகி எல்லாம் இல்ல. மூணு வாரம் வாயைத் திறக்கல. அழியட்டும்னுதான் காத்துக்கினு இருந்தா, உண்மையைச் சொல்லணும்னா. பெங்களூர்ல தங்க லேடீஸ் ஹாஸ்டல் கூட விசாரிச்சா. ஆனா டெஸ்டரைப் பிடிச்ச கை திரும்பிப் போற அந்த ஒரு நொடிதான் கண்ணுக்குள்ள ஓடிக்கினே இருந்தது. ஊரெல்லாம் கவனக்குறைவு, கவனக்குறைவுன்னு பேசுது. அந்த ஆள் டெஸ்டரை எடுத்தாருங்கறது உலகத்துல அவ ஒருத்திக்குத்தான் தெரியும். இருபத்தெட்டாம் நாள், படம் அழிய ரெண்டே நாள் இருக்கும்போது, தொழிற்சாலை ஆய்வாளர் ஆபீசுக்குப் போனா. படத்தைக் கொடுத்தா. நோட்டைக் கொடுத்தா. பொட்டு வச்சது நான்தான்னு எழுதிக் கையெழுத்துப் போட்டா. ஆய்வாளர் அவளை ஏற இறங்கப் பார்த்துட்டு, "யாராவது சொல்லிக் கொடுத்தாங்களாம்மா?"ன்னு கேட்டார். இல்லைன்னா.

அப்புறம் நடந்ததெல்லாம் மளமளன்னு நடந்தது. கலியாணசுந்தரம் கையைக் கழுவிக்கினார், கட்டத்தைக் குறைச்சது எனக்குத் தெரியாதுன்னு கடிதம் கொடுத்தார். கட்டுரையில அவர் பேரு எந்த எடத்துல இருக்குதுன்னு யாரும் கேக்கல. பல்கலைக்கழகம் தேர்வை நிறுத்தி வச்சது. வெளிவந்த கட்டுரையைத் திரும்ப எடுத்துக்கிட்டதா ஒரு அறிவிப்பு, அது இன்னிக்கும் இன்டர்நெட்ல அவ பேரோட நிக்குது. பெங்களூர்க்காரங்க போனை எடுக்கறதை நிறுத்திட்டாங்க. அதெல்லாம் வரும்னு தெரிஞ்சுதான் போனா. தாங்கிக்கினா.

அவ எதிர்பார்க்காதது வேற. விசாரணையில உதயகுமாரோட வக்கீல் அந்தப் படத்தைப் போட்டுக் காட்டச் சொன்னார். டெஸ்டர் வர்ற எடத்துல நிறுத்தச் சொன்னார். "பாருங்க. டெஸ்டர் கையில இருக்கு. மறந்துட்டார்னு இல்ல. எடுத்து, வேணும்னே உள்ள வச்சுட்டார். இதுக்கு மேல கவனக்குறைவுக்கு என்ன சாட்சி வேணும்?" நீலாம்பாள் எழுந்து நின்னு, "நான் சொன்னதாலதான் வச்சார், என் தப்பு"ன்னு கத்தினா. உக்காருங்கன்னாங்க. ஆறு மாசம் கழிச்சு அறிக்கை வந்தது. அங்கீகாரம் இல்லாத கருவி ஒரு காரணம்னு ரெண்டாவதா போட்டிருந்தாங்க. முதல் காரணம், இறந்தவர் சோதனைக் கருவியைக் கையில் எடுத்தும் பயன்படுத்தாத கவனக்குறைவு. அவர் மானத்தைக் காப்பாத்தக் கொண்டு போய்க் கொடுத்த படத்தை வச்சே, அவர் பேருக்கு அரசாங்க முத்திரை குத்திட்டாங்க.

அறிக்கை வந்த வாரம் நீலாம்பாள் ஓரிக்கைக்குப் போனா. அதுவரைக்கும் ரேவதி வீட்டுக்குப் போக அவளுக்குத் தைரியம் வரல. ரேவதி வாசல்ல உளுந்து காய வச்சுக்கினு இருந்தா. நிமிர்ந்து பார்த்தா. திட்டுவா, செருப்பை எடுப்பான்னு நினைச்சுத்தான் நீலாம்பாள் போயிருந்தா. அடிச்சா வாங்கிக்கலாம்னு கூட இருந்தது. ரேவதி அடிக்கல. "உக்காரு"ன்னா. இவ உக்காரல.

"அக்கா, பொட்டு வச்சது நான். கட்டத்தைக் குறைச்சது நான். அவர் மேல ஒரு தப்பும் இல்ல. அவங்க எழுதினது பொய்."

"அதெல்லாம் பேப்பர்ல படிச்சுக் காட்டினாங்க." ரேவதி உளுந்தைக் கையால பரத்தி விட்டுக்கினே இருந்தா. "அந்தப் படத்துல அவரு பேசறாராமே. நீ வச்சிருக்கியா?"

போன்ல இருந்தது. நீலாம்பாள் படத்தைக் காட்டல, குரலை மட்டும் போட்டா. மெஷின் இரைச்சல், செருப்புச் சத்தம், அப்புறம் அந்த வார்த்தை. நீலாம்மா இல்லைன்னு சொல்லிடுச்சே. அதோட நிறுத்திட்டா. ரேவதி மறுபடியும் போடச் சொன்னா. போட்டா. மூணாவது தடவையும் கேட்டா. கை உளுந்து மேல அப்படியே நின்னு போச்சு.

"அடுப்பை அணைச்சுட்டேன்னு சொல்லுவேன்"னா ரேவதி. "கல்யாணமாகி இருபத்தஞ்சு வருஷம், ஒருநாள் கூட அந்த ஆளு சரின்னு படுத்ததில்ல. எழுந்து போவாரு. கேஸு திருகைத் தொட்டுப் பார்த்துட்டுத்தான் வருவாரு. கதவைத் தாழ் போட்டுட்டேன்னா இழுத்துப் பார்ப்பாரு. எனக்குக் கோவம் கோவமா வரும். கட்டினவ சொல்றேன், நம்பமாட்டியான்னு சண்டை போடுவேன். பெத்த தாயி சொன்னாலும் பார்க்காம நம்பமாட்டேன்டின்னு சொல்லுவாரு."

ரேவதி அப்பத்தான் முகத்தைத் தூக்கி அவளை நேரா பார்த்தா.

"உன்னை நம்பிட்டாரேம்மா."